அப்பாவின் ஆசியோடு

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, புண்ணுக்குக் கட்டும் துணிச்சுருளில் ஒரு முழம் கிழித்து, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகுதான் கார்த்திகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. வேன் ஐந்து மணிக்குக் கிளம்புகிறது.

உடம்பு விறைப்பதற்குள் கட்டிவிட வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. அம்மா செத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தது. கை அதுவாகச் செய்துவிட்டது.

இரண்டு மணிக்கு மாமனார் பெரியண்ணனை இடப்பக்கமாகத் திருப்பிப் போட்டபோது மூச்சு இருந்தது. கஞ்சித் தண்ணீர் இரண்டு ஸ்பூன் இறங்கியது. கொல்லையில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் இப்படி. முதலில் அவளும் ஏமாந்துதான் போனாள். காற்றுப் படுக்கையின் அறைகள் ஒன்றுவிட்டு ஒன்று உப்பி வடியும்போது, அதன்மேல் கிடந்த அவர் உடம்பும் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கால்மாட்டில் தொங்கிய சின்ன மோட்டார் எப்போதும்போல முனகியது.

மல்லாக்கப் படுக்கவைத்தாள். ஒரு துண்டைச் சுருட்டித் தாடைக்கு முட்டுக் கொடுத்தாள். போர்வையைப் பாதம்வரை இழுத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

அங்கே அவள் கணவன் எழிலரசன் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய நண்பன், தனியார் பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருக்கும் அருள்தாஸ், பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த மாநிலத்துக் கடற்கரை ஒன்றில் போட்டி. கடலில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல், கரையேறித் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். எழிலரசனுக்கு இதுதான் முதல் தடவை. ஒரு வருடப் பயிற்சி. விடிவதற்குமுன் அறந்தாங்கிவரை சைக்கிளில் போய்த் திரும்புவான். நீந்துவதற்குத் தோட்டத்துக் கிணறுதான். நாலு வீச்சில் எதிர்ச்சுவர் முட்டிவிடும் என்பதால் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மோட்டார்க் குழாயில் முடிந்துகொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் நீந்துவான். எட்டிப் பார்த்தவர்கள், "மாட்டக் கட்டிப்போட்ட மாதிரியில்ல கெடக்கான்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஆலங்குடியில் சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டார்கள்.

எதற்கு என்பது அவன் சட்டையிலேயே இருந்தது. மார்பில் பெரியண்ணனின் முகம், கீழே 'அப்பாவுக்காக'. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கும் நர்சுகளை அனுப்புகிற டிரஸ்ட் ஒன்றுக்காக அவன் நிதி திரட்டினான். காற்றுப் படுக்கை அந்த டிரஸ்ட் கொடுத்ததுதான்.

"என்னங்க."

"இந்தா, அந்த ஸ்பேனர எடு."

எடுத்துக் கொடுத்தாள். "மாமா..."

"கார்த்திகா." அவன் நிமிரவில்லை. "இப்ப ஒண்ணும் சொல்லாத. கஞ்சி எறங்கலையா, புண்ணு பெருசாயிருச்சா, எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கெழம ராத்திரி சொல்லு. இன்னும் மூணு நாளு. இந்த மனுசன் மூணு நாளு இழுத்துப் புடிச்சுக் கெடந்தாருன்னா போதும். அதுக்கப்புறம் அவரு இஷ்டம்."

அருள்தாஸ் சிரித்தான். "நீ பயப்படாத மாப்ள. பெரியவரு கெட்டி. ஒன்னய விட ஸ்டாமினா அவருக்குத்தான்."

"பதினாலு மாசமா அதத்தான காட்டிக்கிட்டிருக்காரு."

கார்த்திகாவின் இடுப்பிலிருந்த போன் அடித்தது. நான்கு மணி அலாரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று நர்ஸ் செல்வராணி வைத்துக் கொடுத்தது.

"போ, போய்த் திருப்பிப் போடு" என்றான் எழிலரசன்.

அவள் உள்ளே வந்து அலாரத்தை நிறுத்தினாள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் பெட்டியிலிருந்து சைக்கிள் வெளியே வந்துவிடும். பதினாறாம் நாள்வரை அவன் மொட்டைத் தலையோடு இந்த வீட்டில் உட்கார்ந்திருப்பான். போனவரோடு சண்டை போட முடியாது. இருக்கிறவளோடு போடலாம்.

ஆனால் கிளம்புமுன் எப்படியும் உள்ளே வருவான். தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எந்த மகனும் படியிறங்க மாட்டான். அவள் வாயால் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

தொடுவானா என்பதுதான் சந்தேகம். அவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு படம் உண்டு. நிதி கேட்கும் பக்கத்தில் அதைத்தான் போட்டிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, செல்வராணி பெரியண்ணனுக்குத் தலைவாரிப் பவுடர் போட்டுவிட்ட பிறகு எடுத்தது. எடுத்து முடித்ததும் எழிலரசன் நேராகக் குழாயடிக்குப் போனான். "சார் சோப்பு போட்டு எம்புட்டு நேரம் கழுவுறாரு பாத்தீங்களாக்கா," என்றாள் செல்வராணி. "எங்க டிரைனிங்ல கூட இப்படிக் கழுவ மாட்டாங்க."

நாலே முக்காலுக்கு இருவரும் உள்ளே வந்தார்கள்.

"மாப்ள, கால்ல விழுந்து கும்புடுற மாதிரி ஒண்ணு எடுத்துருவோம்" என்று அருள்தாஸ் போனை உயர்த்தினான். "குரூப்புல எல்லாரும் கேக்குறாங்க."

எழிலரசன் கால்மாட்டில் குனிந்தான். போர்வையை விலக்கினான்.

கார்த்திகா ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

அவன் கை பாதத்தின்மேல் இருந்தது. வெள்ளைத் துணி, மூன்று சுற்று, முடிச்சு. மோட்டார் முனகியது. படுக்கை உப்பியது, வடிந்தது.

"மாப்ள, அப்படியே இரு. மூஞ்சி தெரியல. கொஞ்சம் இங்கிட்டுத் திரும்பு."

எழிலரசன் திரும்பினான். திரும்பும்போதே இடக்கையால் போர்வையின் ஓரத்தை இழுத்து, முடிச்சின்மேல் போட்டு, அதன்மேல் நெற்றியை வைத்தான். சட்டையிலிருந்த பெரியண்ணனின் முகம் மடங்கியது. அருள்தாஸ் மூன்று தடவை எடுத்தான்.

"சூப்பர். அப்பாவ எழுப்பி ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

"வேணாம்" என்றான் எழிலரசன். "நல்லாத் தூங்குறாரு."

போர்வையின் ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் ஒவ்வொரு பக்கமாகச் செருகினான். இந்தப் பதினான்கு மாதத்தில் அந்தப் போர்வையை அவன் தொட்டுச் சரிசெய்தது அதுதான் முதல் தடவை. பிறகு கார்த்திகாவிடம் வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. அவள் விரலில் ஒட்டியிருந்த துணிப் பிசிரைப் பார்த்தான்.

"எழுப்பாத" என்றான். "நான் என் போன ஆஃப் பண்ணிருவேன்."

வேன் வல்லத்திராக்கோட்டைச் சாலையில் ஏறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் போனில் படம் வந்தது. 'அப்பாவின் ஆசியோடு கிளம்புகிறேன்.' அடுத்தடுத்துக் கும்பிடும் கைகள். 'கண் கலங்குது தம்பி.' 'இப்படி ஒரு மகன் கிடைக்க அவர் குடுத்து வச்சிருக்கணும்.' 'அப்பா முகத்துல என்ன ஒரு நிம்மதி.'

அவள் போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் தமிழில் சொன்னது, பிறகு இங்கிலீஷில் சொன்னது.

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். முனியாயி முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மாமா போயிட்டாருத்தை."

முனியாயி முறத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். ஊரில் விழுந்த பிணங்களில் பாதியைக் குளிப்பாட்டிய கை அவளுடையது. நெற்றியைத் தொட்டாள். துண்டை எடுத்துவிட்டுத் தாடையை அசைக்கப் பார்த்தாள். விறைத்திருந்தது.

"எப்ப?"

"இப்பத்தான்."

முனியாயி மறுபடி தாடையை அழுத்திப் பார்த்தாள். கால்மாட்டுக்கு வந்து போர்வையை உருவினாள். முடிச்சை விரலால் நிமிண்டினாள்.

"இப்பத்தான?"

"ஆமாத்தை."

"சரித்தா. இப்பத்தான்னே சொல்லுவோம்." அவள் குரல் தணிந்தது. "அவன் எம்புட்டுத் தூரம் போயிருக்கப் போறான்? வண்டியத் திருப்பிக்கிட்டு வரச் சொல்லு. கொள்ளி வைக்க ஆளு வேணும்ல. அவனுக்குச் சொல்லியாச்சா?"

"அவருக்குத் தெரியும்."

முனியாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"அந்த மோட்டார நிறுத்துத்தா. காதப் போட்டுக் கொடையுது."

கார்த்திகா குனிந்து சுவிட்சை அணைத்தாள். அறை நிசப்தமாயிற்று. படுக்கையிலிருந்து காற்று மெல்லிய சீறலோடு வடியத் தொடங்கியது. அது முழுக்க வடிய வெகு நேரம் பிடித்தது. பெரியண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் கட்டில் பலகையில் போய்ப் படுத்தார்.