இருபத்திரண்டு வருஷம் தாமதமாகப் போன குரல்

கப்பல் பட்டறை வெல்டர் தன் வீட்டு டிரான்ஸ்மிட்டரில் பேசிய பேச்சு போய்ச் சேர இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. அவ்வளவு காலம் அது எங்கே சுற்றியது என்று யாருக்கும் தெரியாது. சோதனை போட வந்த வயர்லெஸ் அதிகாரி, அலைவரிசை சரி, லைசென்ஸ் சரி, தாமதத்தை எழுதப் படிவத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

அது தபாலில் வந்த கிட். அட்டைப்பெட்டியில் நானூற்றுச் சொச்சம் உதிரிகள், ஒவ்வொன்றையும் பொருத்தியதும் டிக் அடிக்கக் கட்டம் போட்ட புத்தகம். வெல்டருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதால் ரெசிஸ்டர்களின் அளவைக் காட்டும் வண்ணக் கோடுகளை மனைவிதான் வாசித்துச் சொன்னாள். பட்டறையில் இரும்புத் தகட்டை ஒட்டிக் காய்த்துப்போன கை, வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈயம் வைத்தது. நாலு மாதத்தில் கண்ணாடி வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன, அறை முழுக்க ஈயத்தோடு உருகும் ரோசின் பிசினின் வாசம். பிறகு, கேட்பவர் யாராவது உண்டா என்று பதினோரு மாதம் தினமும் அழைத்தார். ஒரு ஈ காக்கைகூடப் பதில் சொல்லவில்லை. “செவுத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்,” என்று மனைவி கிண்டலடிப்பாள்.

பதினோராம் மாதக் கடைசியில் பட்டறைக்கு மட்டும் ஒரு லீவு நாள். இரண்டு கையாலும் ஈயம் வைத்துக்கொண்டே பேச வசதியாக, அழுத்தினால்தான் பேச்சு போகும் மைக் பொத்தானை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். காதில் ஹெட்போன், சத்தம் முழுசாக. அடுப்பில் ஏதோ தீய்கிற நாற்றம் வந்து எழுந்து போனபோது மனைவி சமையலறைத் தரையில் கிடந்தாள். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. “அவ கூப்பிடவே இல்ல. கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா?” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பன்னிரண்டு வயது மகள் அதை நம்பவில்லை. வளர்ந்து பஸ் கண்டக்டரான பிறகும் அவர் அந்தப் பேச்சை எடுத்தால், “ஹெட்போனக் கழட்டிட்டுச் சொல்லுப்பா,” என்று மட்டும் சொல்வாள். மனைவி போன நாளுக்குப் பிறகு அவர் மைக்கைத் தொடவில்லை. பெட்டியைத் தூக்கிப்போடவும் இல்லை. வாரம் ஒருமுறை தூசி தட்டி, வால்வுகளைச் சூடேற்றிச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டறையிலிருந்து ஓய்வுபெற்ற வருஷம் முதல் பதில் வந்தது. எங்கோ ஒரு பழைய கப்பல் சமையல்காரர். வெல்டரின் அழைப்பு இப்போதுதான் கிடைத்ததாகச் சொல்லி, “உங்க வீட்டம்மா பக்கத்துல உக்காந்து திட்டுறாங்களே, முதல்ல அவங்களச் சமாதானப்படுத்துங்க,” என்று சிரித்தார். அடுத்த நாள் இன்னொருவர், மறுநாள் வேறொருவர். தேதியை வைத்துப் பார்த்த வெல்டருக்குக் கணக்குப் புரிந்தது: மற்றவர்கள் பேச்சு உடனே வந்தது, இவர் பெட்டியிலிருந்து போனதுதான் இருபத்திரண்டு வருஷம் தாமதம். அந்த லீவு நாள் போய்ச் சேர இன்னும் பதினோரு மாதம். மைக் திறந்திருந்தது, அவள் கூப்பிட்டிருந்தால் அதுவும் வரும். ஆனால் அந்தப் பேச்சு பழைய வால்வு பெட்டிகளில்தான் விழுந்தது, அதுவும் தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். அப்படிப் பெட்டி வைத்திருந்த கிழங்களோ ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். அவர் காயலான் கடைகளைச் சல்லடை போட்டு, செத்த ரேடியோக்களுக்கு உயிர் கொடுத்து, ஒன்பது பெட்டிகளைத் தெரியாத ஊர்களுக்குத் தபாலில் அனுப்பினார், இன்ன தேதியில் காது கொடுங்கள் என்று சீட்டு எழுதி. கோடுகளின் நிறத்தைச் சொல்ல ஆள் இல்லாததால் பாதிக்குப் பாதி புகைந்தது. கடைசியில் மகளே டூட்டி முடிந்து வந்து, யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து, “பழுப்பு, கறுப்பு, சிவப்பு,” என்று வாசித்தாள்.

அந்த லீவு நாளின் பேச்சு போய்ச் சேர வேண்டிய நாளில் இருவரும் காலையிலிருந்து பெட்டி முன்னால் இருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்குச் சமையல்காரரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. “கூப்பிட்டாங்க சார். ஏங்க, ஏங்கன்னு மூணு தடவ. மூணாவது ரொம்ப மெதுவா. நீங்க அந்தப் பக்கம் ஏதோ நம்பர் சொல்லிட்டே இருந்தீங்க.” கொஞ்ச நேரம் இரைச்சல். “எனக்கு மனசு கேக்கல. இந்தா வந்துட்டேம்மான்னு நான் குரல் குடுத்தேன். அவங்களுக்குக் கேட்டிருக்காதுதான்.”

“கூப்பிட்டிருக்காங்க,” என்றாள் மகள்.

“ஆமாம்மா. கூப்பிட்டிருக்கா.”

பிறகு அவர் மைக்கை எடுத்து, பொத்தானை விரலால் அழுத்தி, “எனக்குக் கேக்கலடி,” என்றார். காற்றில் போகிற பேச்சை இரண்டு முறை சொல்வதுதான் வழக்கம் என்பதால் இன்னொரு முறையும் சொன்னார். அவருக்கு வயது அறுபத்தொன்று. மகள் நோட்டில் நேரத்தைக் குறித்து, அது போய்ச் சேரும் தேதியையும் எதிரே எழுதினாள். அது சேரும் அன்றைக்கு அவளுக்கு ஐம்பத்தாறு ஆகியிருக்கும். கேட்பதற்கு எங்கேயாவது நாலு பழைய பெட்டி வேலை செய்ய வேண்டும். மறுநாள் இருவரும் காயலான் கடைக்குப் போகவில்லை, அவளுக்குக் காலை டூட்டி. இருபத்திரண்டு வருஷம் இருந்தது, அவசரம் ஒன்றுமில்லை.