நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அந்த நாவலைப் பாண்டீஸ்வரியிடம் கொடுத்தவள் மகாலட்சுமி. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருவருக்கும் பேக்கிங் செக்ஷனில் வேலை. எழுதியது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பொண்ணு, படித்துவிட்டு அழுகையாக வந்தது என்று சொல்லித்தான் கொடுத்தாள். அட்டையில் ‘ஏழே முக்கால் பஸ்ஸில் ஒரு வானவில்’ என்று இருந்தது. கீழே, விஜி ஐயாதுரை. கல்லூரியில் இரண்டு வருடம் பாண்டீஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே விஜி.

சந்தோஷமாகத்தான் படிக்கத் தொடங்கினாள். கம்பெனி வேன் அவள் ஊரான வன்னியம்பட்டிக்கு வந்து சேர்வதற்குள் இருபது பக்கம் முடிந்துவிட்டது. கதாநாயகி நிலானி கணக்குப் படிக்கிறவள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்ப்பாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அது தான்தான் என்று தெரிந்ததும் பாண்டீஸ்வரிக்கு உடம்பு கூசியது. பிடித்தும் இருந்தது. தன்னை ஒருத்தி இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாளே என்று ஆச்சரியப்பட்டாள். நிலானி செமினாரில் பேசிக் கைதட்டு வாங்கும் பக்கத்தை மட்டும் நான்கு முறை படித்தாள்.

பிறகு ஆரவ் வந்தான். நிலானி எந்த பஸ்ஸில் ஏறினாலும் அதில் அவன் இருந்தான். பேசமாட்டான், பார்த்துக்கொண்டே வருவான். அவள் முறைத்தால் சிரிப்பான். அவள் பஸ்ஸை மாற்றினால் அவனும் மாற்றுவான். விஜி அதையெல்லாம் அவ்வளவு அழகாக எழுதியிருந்தாள். ஆரவ் வராத ஓர் அத்தியாயத்தில், எப்போது வருவான் என்று பாண்டீஸ்வரியின் மனமே தேடியது. அது உறைத்ததும் புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

நிஜத்தில் அவன் பெயர் ராம்கி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தவன். பதினோரு மாதம் அவள் பின்னாலேயே வந்தான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், பிளேடால் அவள் பெயரைக் கீறிய கையை எல்லோர் முன்னாலும் நீட்டிக் காட்டினான். அன்று சாயங்காலமே சேதி ஊருக்கு வந்துவிட்டது. அப்பா ராக்கப்பன் ஒரே கேள்விதான் கேட்டார். நீ சொல்லாமல், எந்த பஸ்ஸில் வருவாய் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று அவள் எத்தனை முறை சொல்லியும் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. மறுநாளிலிருந்து கல்லூரி கிடையாது. மூன்று வருடம் ஆகிறது.

அந்தக் கேள்விக்கான பதில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. நிலானியின் தோழி, நாளை எந்த பஸ் என்று தினமும் ஆரவுக்கு மெசேஜ் அனுப்புகிறாள். குறும்புக்காரி என்று அவளைப் பற்றி எழுதியிருந்தது. பாண்டீஸ்வரி பஸ்ஸை மாற்றும்போதெல்லாம், துணைக்கு வரட்டும் என்று ஒருத்தியிடம் மட்டும் முந்தின நாளே சொல்லிவைப்பாள். விஜியிடம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். விஜி அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தாள். பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவள் அம்மா பரிபூரணம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகும்வரை பாண்டீஸ்வரி பொறுத்திருந்தாள். பிறகு பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

“இது நடந்ததாட்டி?”

கதைக்காக எழுதினது என்றாள் விஜி. பிறகு கம்பெனி வேலை எப்படி என்று விசாரித்தாள். பாண்டீஸ்வரி அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. கடைசியில் விஜி ஒத்துக்கொண்டாள். ராம்கி கெஞ்சினானாம், பார்க்கப் பாவமாக இருந்ததாம். என்றைக்காவது பாண்டீஸ்வரிக்கும் மனசு மாறும் என்று நினைத்தாளாம்.

“உன்ன எம்புட்டு அழகா எழுதிருக்கேன். அதப் பாக்கமாட்டியா?”

“அழகாத்தான் இருக்கு. அதான் எரியுது. கதையில அவன் கீறின கையில நிலானி ஊதிவிடுதா. நான் அன்னைக்கு வாந்தி எடுத்தேன் விஜி. நீதான் தண்ணி பாட்டில நீட்டின. அத ஏன் எழுதல?”

விஜி தலையைக் குனிந்துகொண்டாள். “அத எழுதினா யாரு படிப்பா?”

திமிராகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னாள். பாண்டீஸ்வரிக்கு அதுதான் தாங்கவில்லை. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து அவள் கையில் திணித்தாள். பஸ் நேரத்தைச் சொன்னது நான், பாண்டீஸ்வரிக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தப் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். விஜி அழுதுகொண்டே எழுதினாள். மன்னித்துவிடு என்றும் சேர்த்து எழுதப் போனாள். பாண்டீஸ்வரி புத்தகத்தை இழுத்துக்கொண்டாள்.

வீட்டில் ராக்கப்பன் அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

“இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா உன்ன நிப்பாட்டியிருப்பனாத்தா?”

“தெரியாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ப்பா. பெத்த பிள்ள சொன்னத நம்பல. கதைப் புத்தகத்துல இருந்தா நம்புறீங்க.”

அன்று ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டபோது அவர் எழுந்து வரவில்லை. மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், கல்லூரிக்கு நானும் வாரேன் என்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் தனியாகவே போனாள்.

திரும்பச் சேர முடியும் என்று ஆபீசில் சொன்னார்கள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். படிப்பை நிறுத்தியதற்குக் காரணம் என்று படிவத்தில் இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தது. குடும்பச் சூழ்நிலை என்று போடம்மா, எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள் என்றார் கிளார்க்.

‘ஒருவன் என்னைப் பின்தொடர்ந்து வந்தான். அதற்காக என் படிப்பை நிறுத்தினார்கள்’ என்று அவள் எழுதினாள்.

கிளார்க் படித்துவிட்டு, வேறு படிவம் தரட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். இதுதான் சார் காரணம் என்றாள். அவர் சீல் குத்தி, மற்ற படிவங்களோடு வைத்தார்.