சமாளிச்சேன்

பதினோரு வருடமாக நீதிமன்றத்தில் மொழிபெயர்த்துப் பழகியவருக்கு அன்று ஒரே ஒரு சொல் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

கூண்டில் நின்றவள் இறைச்சிக் கிடங்கில் வெட்டுக்காரி. குளிரறைக்குள் மேஸ்திரியைக் கொன்றுவிட்டாள் என்று வழக்கு. காவல் நிலையத்தில் யாரோ ஆங்கிலத்தில் எழுதிய வாக்குமூலத்தை அரசு வக்கீல் உயர்த்திப் பிடித்தார். 'நான் அவரை கான்கர் செய்தேன்' என்று அதில் இருந்தது. போருக்குப் போனவள் பேசும் பேச்சு இது என்று முழங்கினார்.

மொழிபெயர்ப்பாளர் ஒலிப்பதிவைக் கேட்டார். "எப்படியோ சமாளிச்சேன்" என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

"கான்கர் என்றால் நாட்டைப் பிடிப்பது, ஐயா. டிஃபீட் தோற்கடிப்பது. ஓவர்பவர் பலத்தால் அமுக்குவது. ஓவர்கம் கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் இவள் சொன்னதில் வெற்றியே கிடையாது. சாகாமல் தாக்குப்பிடித்தேன் என்கிறாள்."

நடந்ததை அவளே சொல்லட்டும் என்றார் தமிழ் தெரியாத நீதிபதி.

"கதவைச் சாத்திட்டு வந்தாரு. கழுத்தைப் பிடிச்சு சுவத்துல மோதினாரு. ரெண்டு பல்லு அங்கேயே விழுந்துச்சு. கறி தொங்கவிடுற கொக்கி கையில மாட்டுச்சு, வீசினேன். அவரு தோள்ல ஏறியும் என் கழுத்தை விடலை. இழுத்தேன். சதை கிழிஞ்சு என் மூஞ்சியெல்லாம் ரத்தம். விழுந்துட்டாரு."

"விழுந்த பிறகு?" என்றார் வக்கீல்.

வெட்டுக்காரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தாள். "அக்கா, அதையும் சொல்லிடுவீங்களா?"

"நீ எதைச் சொன்னாலும் அப்படியே சொல்லுவேம்மா."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை போட்டேன். கழுத்துல. அது பயத்துல இல்லை. ஆத்திரத்துல."

ஒரு வரியை விழுங்கிவிட்டால் நீதிபதிக்கும் வக்கீலுக்கும் தெரியாது. இருந்தும் மொழிபெயர்ப்பாளர் அந்த ஆத்திரத்தையும் சேர்த்தே ஆங்கிலத்தில் சொன்னார்.

தீர்ப்பு வந்த நாளில் கொலைக் குற்றம் நிற்கவில்லை. கடைசி அடிக்காக ஏழு வருடச் சிறை. தூக்குக்குத் தயாராக வந்திருந்த வெட்டுக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வாசல் படியில் மேஸ்திரியின் தம்பி காத்திருந்தான். மொழிபெயர்ப்பாளரின் கொண்டையைப் பற்றி இழுத்தான். "உன் நாக்குதான்டி எங்கண்ணனைக் கெட்டவனாக்கிச்சு!" விட்ட அறையில் உதடு கிழிந்தது. தலை தூணில் இடித்தது. இரண்டு காவலர்கள் சேர்ந்துதான் அவனைப் பிய்த்து எடுக்க முடிந்தது.

"வீட்டுக்குப் போங்கம்மா," என்றார் ஒரு காவலர்.

"மத்தியானம் ஒரு கேஸ் இருக்குங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர். குழாயடியில் வாய் கொப்பளித்துச் சிவப்பாகத் துப்பிவிட்டு உள்ளே போனார்.