ஏலத்துக்குப் போன சேவல்

பெருங்களத்தூருக்கு மேற்கே, கிருபாவின் ஏழு சென்ட் தோட்டத்தில், அந்தச் சேவல் கூவும்போதெல்லாம் வேர் பிடித்தவை தவிர மற்ற எல்லாமே தரையிலிருந்து ஒரு முழம் எழும்பின. கூவி முடித்ததும் இறங்கின. வாளி எழும்பும், தண்ணீர் சிந்தாது. கோழி பிடிக்க வந்த கீரிப்பிள்ளை ஒன்று அந்தரத்தில் நான்கு காலாலும் ஓடிப் பார்த்தது, ஓர் அங்குலம் நகரவில்லை; இறங்கியதும் வந்த வேலையை விட்டுவிட்டு வேலி தாண்டிப் போனது. மயில்கள் பழகிக்கொண்டன. அவரைப் பந்தலின் கொழுந்தைக் கொத்த அவற்றுக்கு அந்த ஒரு முழம் சௌகரியமாக இருந்தது.

கிருபாவுக்கு வாரமெல்லாம் கிண்டியில் ஆபீஸ், சனிக்கிழமைதான் தோட்டம். மண்வெட்டியோடு முதல்முறை மேலே போனபோது அவளுக்குப் பயம் வரவில்லை, சிரிப்பு வந்தது. நாற்பத்தாறு வயதில் காரணமில்லாமல் சிரிப்பது பிடித்துப்போய், சேவல்மேல் உயிரையே வைத்துவிட்டாள். சிக்கல் அங்கேதான். அடைவைத்த முட்டைகள் பொரியாமல் கிடந்த நாட்களில், முதல் குஞ்சை, சர்ச்சில் விளைச்சலைக் காணிக்கையாக ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்குக் கொடுப்பதாகப் பொருத்தனை பண்ணியிருந்தாள். முதலில் பொரிந்தது இதுதான்.

"வேற ஒண்ணக் குடுத்துடேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் கணவன் ஆஸ்டின்.

"யார்கிட்ட வேண்டினேனோ அவருக்குத் தெரியும்" என்றாள்.

பண்டிகையன்று சர்ச் பந்தலில் வாழைத்தாரும் பூசணியும் போன பிறகு பாஸ்டர் வேதசிரோமணி சேவலைக் கையில் எடுத்தார். ஏல விஷயத்தில் அவர் மகா கறார். விலையை ஏற்றி ஏற்றி விடாமல் கேட்டவர் ஜெஃப்ரி. பம்மலில் அவருடைய ஹோட்டல் நாட்டுக்கோழிக் குழம்புக்குப் பேர்போனது. கிருபா அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தரம், இரண்டு தரம் என்றதும் சேவல் மைக்கில் கூவியது. மைக் என்பதால் ஒரு முழத்தோடு நிற்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் நாற்காலியோடு பந்தல் கூரை வரை போய், தலை இடிக்காமலிருக்க ஆளுக்கொரு கையைத் தூக்கினார்கள். தானும் அந்தரத்தில் நின்ற பாஸ்டர், கை தூக்கினால் கேட்டதாகத்தான் கணக்கு என்று சொல்லி, மூன்றாம் தரத்தைச் சபை முழுமைக்கும் முடித்தார்.

"முந்நூறு பேருக்கு ஒரு சேவல்னா கொழம்பு வாசனைகூட மிஞ்சாது பாஸ்டர்" என்று ஜெஃப்ரி விட்டுக்கொடுத்தார். எல்லாருக்கும் சொந்தமானதை யாரும் அறுக்க முடியாது, வளர்க்க இடமிருப்பதோ கிருபாவிடம் மட்டும்தான் என்று சபை அங்கேயே தீர்மானித்தது.

அடக்கிவைத்த அழுகை ஷேர் ஆட்டோவில்தான் வந்தது. மடியிலிருந்த சேவல் கூவ, முன்னும் பின்னும் போன பஸ், லாரி எல்லாம் ஹாரன் அடித்தபடியே ஒரு முழம் எழும்பி, போன வேகத்திலேயே மிதந்து இறங்கின. டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொரு தபா கூவச் சொல்லுக்கா. முன்னால பெரிய பள்ளம் கீது."

கிருபா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். சேவல் கூவியது.