ஆணிக்குக் கீழே முளைத்த புல்

குடிசையின் பின்சுவரில் அந்த ஆணி இன்னும் இருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு பாய் அகலத்துக்கு, துணியில் விதை தொற்றிப் பரவும் ஒட்டுப்புல் மண்டிக் கிடந்தது. அதைப் பிடுங்கி, அது தீவுக்கு எப்படி வந்தது என்று திரும்பவும் கண்டுபிடிக்கத்தான் தாவர ஆராய்ச்சியாளர் நைரீயை அனுப்பியிருந்தார்கள். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பதினொரு வருடத்துக்கு முன் நனைந்த கம்பளிச் சட்டையை அந்த ஆணியில் காயப்போட்டவளே அவள்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை.

வெளி விதை எதுவும் போய்விடக் கூடாதென்று, தெற்குத் தீவுகளுக்குப் படகேறுமுன் பிளஃப் துறைமுகத்தில் ஒருவர் மூட்டையை இன்னொருவர் சோதிக்க வேண்டும். காலுறைத் தையலைக்கூட இடுக்கியால் கிளறி, ஒரு விதையும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தமுறை அவளைச் சோதித்தவன் படகின் சமையல்காரன் மாட்டியு.

"சட்டைக் கைமடிப்பைப் பிரிச்சுக் காட்டு தங்கச்சி."

"அம்மா பின்னினது அண்ணே, நூல் பிரிஞ்சிடும். நேத்துதான் துவைச்சேன்."

"செடிகொடி படிச்ச மகராசி சொன்னா சரிதான்!" சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

நாலு வருடம் கழித்துக் குடிசையருகே புல் தென்பட்டது. பழி மாட்டியுவின் உருளைக்கிழங்குச் சாக்குகள் மேல் விழுந்தது. தீவுப் படகில் இனி ஏறக்கூடாது என்றார்கள். ஜனவரி வந்தால் அகப்பையும் கையுமாக மேல்தளத்தில் நின்று, கரையெல்லாம் சிவந்து பூத்த ராட்டா மரங்களை வாய் பிளந்து பார்க்கிற மனிதன். சட்டையைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு வேலை முக்கியமாக இருந்தது.

பத்து நாள் குடிசையைச் சுற்றித் தேடித் தேடி அந்தப் புல்லை வேரோடு பிடுங்கிவிட்டு, கரை சேர்ந்ததும் மாட்டியு இப்போது வேலை செய்யும் சிப்பிக் கொட்டகைக்கு நேரே போனாள். அவன் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அது என் சட்டையிலேருந்துதான் வந்துச்சு."

"தெரியும். கையெழுத்து நான்தானே போட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடறேன். மறுபடி உங்களைப் படகுல சேத்துக்குவாங்க."

"எங்க ஏற? மூட்டு ரெண்டும் போச்சு." கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தான். "அதை விடு. ராட்டா இந்த வருஷம் நல்லாப் பூத்திருந்துச்சா?"

பத்து நாளும் நைரீ தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.