ரூவியில் குளிரடித்த பாட்டு

2004 ஜூலையில், ஓமானில் ரூவிக்கு வெளியே மலையடிவாரத்து லேபர் கேம்ப் ஒன்றில், பதினான்காம் நம்பர் அறைக்குள் பட்டப்பகலில் பனி விழுந்தது. ஏ.சி. ஓடவில்லை. அது செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. தரையெல்லாம் ஈரம் என்று கேம்ப் பாஸ் வந்து சத்தம் போட்டு, துடைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அறையில் இருந்தவர்கள் கான்கிரீட் ஆட்கள். கோடையில் பகலில் கான்கிரீட் போட்டால் வெடித்துவிடும் என்பதால் அவர்களுக்கு ராத்திரி டியூட்டி. பகலில்தான் தூங்க வேண்டும். அறையின் ஜன்னல் ஏ.சி. கிழட்டு ஏ.சி. கடகடவென்று நாலு தட்டு தட்டும், மூச்சை அடக்கும், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு உறுமல். வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்களுக்கு, அது நின்றபோது வெக்கையைவிட அமைதிதான் பெரிய தொல்லையாக இருந்தது. ஆளுக்கொரு கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார்கள். பொறுக்க மாட்டாமல் சோலைமுத்து எழுந்து உட்கார்ந்தான். ராமநாதபுரத்துக் கருவேலங்குடிக்காரன், முன்கோபி, வாய் அடங்காதவன். தட்டில் கிடந்த கரண்டியை எடுத்து, பக்கத்துக் கட்டிலின் இரும்புக் காலில் அந்த ஏ.சி.யின் சத்தத்தை அப்படியே தட்டினான். தட்டிக்கொண்டே செத்த ஏ.சி.யைத் திட்டிப் பாடினான்.

‘கடகடன்னு கத்துனியே, கம்முன்னு ஏன் கெடக்க?
காத்து வேணாம் போ, சத்தத்தக் குடு எனக்கு!’

இரண்டாம் முறை பாடும்போது, பக்கத்துக் கட்டிலில் இருந்த கொத்தனார் கார்மேகம், “ஏப்பா, அந்தக் கம்பளிய இப்படித் தள்ளு,” என்றார். நாலாம் முறை பாடும்போது பனி விழுந்தது. எல்லோரும் தூங்கிப்போனார்கள்.

அந்த மாதம் கேம்ப்பின் எல்லா அறைகளிலிருந்தும் ஏ.சி. புகார் வந்தது, பதினான்கிலிருந்து மட்டும் வரவில்லை. கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் இருந்த ஷியாமளாவுக்கு இது சந்தேகமாகப் பட்டது. ஆட்கள் ஊருக்கு ஓடிவிட்டார்களோ என்று நேரில் பார்க்க வந்தாள். கதவைத் திறந்தால் உள்ளே எல்லோரும் தலைவரை போர்த்திக்கொண்டு கிடக்கிறார்கள், ஒருவன் மட்டும் கட்டிலைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறான். ஷியாமளா கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தபோது கல்லூரி ராக் பேண்டில் லீட் கிட்டார் வாசித்தவள். பனியைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. அந்தத் தாளத்தில் மூன்றாவது தட்டு கொஞ்சம் தாமதமாக விழுவதைக் கேட்டுத்தான் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இந்த பீட்டை எங்கே பிடிச்சீங்க?”

“பிடிக்கல மேடம். அந்தா செத்துக் கெடக்கே, அது விட்டுட்டுப் போனது.”

“நான் இதை எங்க பேண்ட்ல வாசிக்கட்டுமா?”

“வாசிங்க. ஆனா பாட்டுக்கு முன்னால எம் பேரச் சொல்லணும். சைட்ல ஃபோர்மேன் என்னைய ஹெல்மெட் நம்பரச் சொல்லித்தான் கூப்பிடுறாரு. இந்த ஊருக்கு வந்ததுலருந்து ஒருத்தன் வாயிலயும் எம் பேரு வரல.”

“அது பெரிய விஷயமா? சொல்லிடலாம்,” என்றாள் ஷியாமளா. அவள் உண்மையாகத்தான் சொன்னாள். அன்று மாலையே மறந்தும் போனாள்.

ரூவியிலும் அவளுக்கு ஒரு பேண்ட் இருந்தது. அதில் அவள் லீட் கிட்டார். வங்கியில் வேலை பார்த்த அவள் கணவர் சிவசங்கரன் பேஸ் கிட்டார். ஒரு கோவாக்காரர் டிரம்ஸ். கடகட தட்டை டிரம்ஸுக்கும் உறுமலைக் கிட்டாருக்கும் மாற்றி, ‘சத்தத்தக் குடு’ என்று பேர் வைத்து, தமிழ்ச் சங்கத்தின் அடுத்த பொங்கல் விழாவில் வாசித்தார்கள். அரங்கத்தில் இருந்த பட்டுப்புடவைகள் எல்லாம் தோளைச் சுற்றிக்கொண்டன. பாயசம் உறைந்து, கரண்டியால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதை யாரோ செல்போனில் பதிவு செய்தார்கள். அதன்பிறகு அந்தப் பாட்டை யாராலும் நிறுத்த முடியவில்லை.

ஒரே வருஷத்தில் அது வளைகுடா முழுக்கப் போனது. ரூவி டாக்ஸிக்காரர்கள் ஏ.சி.யை அணைத்துவிட்டு அதைப் போட்டார்கள், பெட்ரோல் மிச்சம். பஹ்ரைனில், மனாமாவின் குதைபியாவில் ஒரு சலூனில் அதைப் போட, ஷேவிங் நுரை முகத்திலேயே கட்டியாகி, தட்டி எடுத்தார்கள். சலாலாவில் மழைக்காலத்தில் போட்டதால் தூறல் எல்லாம் ஆலங்கட்டியாக விழுந்து வாழை இலைகள் கிழிந்தன. அங்கே மட்டும் மழைக்காலத்தில் யாரும் போடுவதில்லை என்று ஊரே பேசி முடிவு செய்தது. துபாயில் கான்கிரீட் கலவையில் ஐஸ் கொட்டுவதற்குப் பதிலாக லாரி டிரைவர்கள் மிக்சர் பக்கம் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தார்கள். மலையாளிகள் அதை மலையாளத்தில் பாடினார்கள். குளிர் வரவில்லை, சாரல் மட்டும் வந்தது. அவர்களுக்கு அதுவே போதும் என்றார்கள். ஓமானிப் பையன்கள் கல்யாணங்களில் ஊது என்ற அரபித் தந்தி வாத்தியம் வாசிப்பவரை வைத்து அரபியில் பாடினார்கள். கூடாரத்துக்குள் மட்டும் மார்கழி மாதிரி இருந்தது. ரூவி கடைத்தெருவில் ஜூலையில் ஸ்வெட்டர் விற்றார்கள்.

இத்தனையிலும் சோலைமுத்துவின் பேர் எங்கேயும் இல்லை. மேடையில் ஷியாமளா, “எங்க கேம்ப் நண்பர் ஒருத்தர் கொடுத்த பீட்,” என்பாள். அவன் கேம்ப்பில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அது தன்னுடைய பாட்டுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஊருக்குப் போன் போட்டால் மனைவி சரோஜா சண்டைக்கு வந்தாள்.

“மினி பஸ்ல ஓடுது, ரேஷன் கடையில ஓடுது. எம் புருசன் கட்டுன பாட்டுன்னு சொன்னா சிரிக்கிறாளுக. உங்க பேரு எங்கயாச்சும் வருதா?”

“வரும்.”

“எப்ப வரும்? நீங்க ரிட்டையர் ஆகி வந்தப்புறமா?”

2006 மே மாதம், ரூவியில் கேசட் கடை வைத்திருந்த கீழக்கரை செய்கு முகம்மது, பாட்டை சி.டி.யாகப் போட ஏற்பாடு செய்தார். ஷியாமளாவை அழைத்து அட்டையைக் காட்டினார்.

“தங்கச்சி, இங்கே பாட்டு கட்டுனவரு பேரு போடணுமே?”

ஷியாமளா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கேம்ப்பில் ஒரு கான்கிரீட் தொழிலாளி பாடினால், அது அவன் ஊரில் வழிவழியாகப் பாடிவருவதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அது செத்த ஏ.சி.யின் தாளம் என்று அவன் சொன்னதை அவள் அன்றைக்கு ஜோக்காக எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அவங்க ஊர்ப் பக்கம் பாடுறதுதான் அங்கிள். மரபுப் பாடல்னு போட்டுடுங்க.”

சி.டி. வந்தது. கார்மேகம் ஒன்றை வாங்கிவந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். சோலைமுத்து அட்டையைப் பிடுங்கிப் பார்த்தான்.

“மரபுன்னா என்னண்ணே?”

“கட்டுனவன் செத்துப்போயி ரொம்ப நாளாச்சுன்னு அர்த்தம்.”

“அப்ப இங்க உக்காந்து குப்பூஸ் தின்னுக்கிட்டிருக்கவன் யாரு?”

அந்த நாளிலிருந்து பாட்டு குளிரவில்லை. சி.டி.யில் மட்டுமல்ல, செல்போனில், டாக்ஸியில், மலையாளத்தில், அரபியில், எங்கேயும். குதைபியா சலூன்காரர் விசிறி வாங்கினார். டாக்ஸிகளில் மறுபடி ஏ.சி. போட்டார்கள். ஜூலையில் வெக்கை வந்தபோது பதினான்காம் நம்பர் அறை அடுப்பாகக் கொதித்தது. போன வருஷம் புதிதாக மாட்டிய ஏ.சி.யும் கைவிட்டது. கம்பெனி ஆள் அனுப்புகிறேன் என்று சொன்னதோடு சரி. தூக்கமில்லாமல் ராத்திரி டியூட்டிக்குப் போன பையன் ஒருவன் சாரத்தில் தடுமாறி, பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்ததால் பிழைத்தான். கார்மேகம் வந்து சோலைமுத்துவின் கட்டில் முன்னால் நின்றார்.

“டேய், உம் பேருக்காக நாங்க அத்தன பேரும் வேகணுமாடா? கோவத்த விட்டுட்டுத் தட்டு.”

“நானா கோவிச்சுக்கிட்டேன்? காலையிலருந்து தட்டிக்கிட்டுத்தான இருக்கேன். கையப் பாருங்க, கொப்புளம். பாட்டுல்ல கோவிச்சுக்கிச்சு!”

அவன் சொன்னது பொய்யில்லை. பேரை விட்டுக்கொடுக்கவும் அவன் தயாராகத்தான் இருந்தான். வேண்டாம் போ, என் பேர் வேண்டாம், குளிரு என்று கட்டில் காலைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தான். பாட்டு கேட்கவில்லை. கார்மேகம் வெள்ளிக்கிழமை டாக்ஸி பிடித்து ஷியாமளா வீட்டுக்கே போய், வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். காபி வேண்டாம் என்றார். அவள் சி.டி.யை எடுத்து அட்டையைப் பார்த்தாள்.

“நான் அவர்கிட்ட கேக்கவே இல்லையே,” என்று சிவசங்கரனிடம் சொன்னாள்.

“கடையில சொல்லி மாத்திடலாம்.”

“கடை இருக்கட்டும். மேடையில சொல்றதா நான் ஒத்துக்கிட்ட விஷயம். மேடையிலதான் தீரணும்.”

ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டிய வெள்ளிக்கிழமை மாலை, சங்கத்தின் விழா. முன்னால் நாற்காலியில் குடும்பங்கள், பின்னால் சுவரோரம் நின்றுகொண்டு கேம்ப் ஆட்கள். எப்போதும் அப்படித்தான். கூட்டம் தாங்காமல் அரங்கத்தின் ஏ.சி. திணறியது, நிகழ்ச்சி நிரலைக் கொண்டு எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஷியாமளா கிட்டாரை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் வந்தாள்.

“இந்தப் பாட்டு மரபுப் பாட்டு இல்லை. விசாரிக்காம நான்தான் அப்படிப் போடச் சொன்னேன், தப்பு என்னோடது. இதைக் கட்டினவர் உயிரோட, அதோ பின்னால நிக்கிறார். அவர் பேர் சோலைமுத்து.”

அரங்கம் திரும்பிப் பார்த்தது. லேசாக ஒரு காற்று வந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

“ஊர்ப் பேரு, மேடம்!” என்று பின்னாலிருந்து கத்தினான் சோலைமுத்து.

“கருவேலங்குடி சோலைமுத்து!”

“ரூம் பதினாலு! அதையும் சொல்லுங்க!”

“ரூம் நம்பர் பதினாலு, கருவேலங்குடி சோலைமுத்து!”

“அவன் தட்டுனது என் கட்டிலு!” என்று கார்மேகம் கத்தினார். முன்வரிசைக் குடும்பங்கள்கூடச் சிரித்துவிட்டன. சங்கச் செயலாளர் எழுந்து, “அந்த லேபர் தம்பி மேடைக்கு வரலாம்,” என்றார்.

“பேரு இருக்குல்ல சார்? இப்பத்தான சொன்னாங்க!”

சுவரோரம் நின்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சோ, லை, முத், து என்று காலைத் தரையில் உதைத்து, நாலு தட்டாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். முன்னால் இருந்த குழந்தைகள் சேர்ந்துகொண்டன, பிறகு அவர்களுடைய அம்மாக்கள். கோவா டிரம்மருக்குத் தமிழ் தெரியாது, தாளம் தெரியும். கூட்டத்தோடு டிரம் குச்சிகளை நாலு முறை தட்டி உள்ளே நுழைந்தார். சோலைமுத்து மேடைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு இரும்பு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, சட்டைப் பையிலிருந்து கரண்டியை எடுத்தான். உறுமல் ஷியாமளாவின் கிட்டாரிலிருந்து கிளம்பியபோது கூரையிலிருந்து பனி கொட்ட ஆரம்பித்தது. அரங்கம், வாசல், வண்டி நிறுத்துமிடம் என்று இறங்கி ரூவி முழுக்கப் பெய்தது. சங்கச் செயலாளரின் வழுக்கைத் தலையில் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. அவர் தட்டிவிடாமல் கைதட்டிக்கொண்டிருந்தார். கார்மேகத்தின் போன் வழியாக ஊரில் கேட்டுக்கொண்டிருந்த சரோஜா, பக்கத்து வீட்டுப் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் காதில் வைத்தாள். கருவேலங்குடியில் அன்று கம்பளி தேடினார்கள்.

செய்கு முகம்மது சி.டி. அட்டையைப் புதிதாக அடித்தார், ஊர்ப் பேரும் கட்டில்காரர் பேரும் சேர்த்து. ஆனால் அட்டையைப் பார்த்துப் பாடுகிறவர்கள் குறைவு. அந்தப் பாட்டைத் தொடங்கும் முன் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணினால் குளிர் வருவதில்லை என்று எல்லா பேண்டுகளும் சீக்கிரமே கண்டுகொண்டன. அதனால் அதற்கு மட்டுமில்லாமல் எல்லாப் பாட்டுக்கும் சோ, லை, முத், து என்றே எண்ணிப் பழகிவிட்டார்கள். பஹ்ரைனில் ஃபிலிப்பினோ பேண்ட் அப்படித்தான் தொடங்குகிறது, சார்ஜாவில் பட்டாணியர்களின் கல்யாண பேண்டும் அப்படித்தான். சலாலாவில் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஒரு குழந்தையிடம், சோலைமுத்து என்றால் என்ன என்று கேட்டதற்கு, “ரெடின்னு அர்த்தம்,” என்றது. யாரும் திருத்தவில்லை.

சோலைமுத்து இன்னும் கான்கிரீட் வேலையில்தான் இருக்கிறான். ஃபோர்மேன் இப்போது ஹெல்மெட் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சைட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நாலு தட்டாக நீட்டி, அவன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அப்படிக் கூப்பிடும்போது பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்கள்.