செத்துப்போன சபாபதிக்குப் பசித்தபோது

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. மலாயாவில், சிகாமட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைப் பலகைதான். அங்கம்மா வீட்டுப் பலகையில் ஒரு கணு உதிர்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. ஓட்டையை நான் போடவில்லை. அடைக்கவும் இல்லை.

தொடக்கத்தை எழுதி எழுதி அடித்தேன்.

'யுத்தம் முடிகிற வருஷம் விஷக்காய்ச்சல் ரயிலேறி வந்து…' (கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.)

'அங்கம்மாவின் கண்கள் குளமாக…' (பொய். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அழுதிருந்தால் பார்த்திருப்பேன்.)

சரி, உள்ளதைச் சொல்கிறேன். அங்கம்மாவின் புருஷன் சபாபதி செத்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. கொஞ்ச நாள் கழித்துச் சபாபதியும் வந்தான்.

2

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போது பேர் கேட்க யாருக்கும் நேரமில்லை. 'சன்னலோரக் கட்டில் போயிடுச்சு' என்றார் டிரசர், வைத்தியமெல்லாம் அவர்தான். சன்னலோரம் யார் என்று சதாசிவம் கங்காணிக்குத் தெரியும். சபாபதியை அங்கே படுக்க வைத்ததே அவர்தானே. ஆனால் மூச்சு முட்டுகிறது, காற்று வேண்டும் என்று கெஞ்சிய பக்கத்துக் கட்டில் வேலுவுக்குச் சபாபதி இடம் மாறிக் கொடுத்திருந்தான். அது கங்காணிக்குத் தெரியாது. உடலை யாருக்கும் காட்டாமல் குழியில் போட்டு மூடிய காலம் அது.

லயத்தில் சபாபதிக்குக் கருமாதி நடந்தது. அங்கம்மா தாலியை மட்டும் கழற்றவில்லை. "மொகத்தப் பாக்காம நான் கழட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பெண்கள் பல விதமாகப் பேசினார்கள். (நானும் பேசினேன். அது அடைப்புக்குள்ளேயே இருக்கட்டும்.)

கருமாதிச் சோறு தின்று கை கழுவிக்கொண்டிருக்கும்போது சபாபதி நடந்து வந்தான். கங்காணியார் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

இங்கே கதை முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் சபாபதி தன் பால்வெட்டுக் கத்திக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்ததை வெகுநேரம் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"சாவு சன்னல் கட்டிலுக்குத்தான் வந்துச்சு. அது என் கட்டிலு. நான் செத்தாச்சு, அங்கம்மா."

3

"காய்ச்சல் ஒடம்ப விட்டுடுச்சு, தலைய இன்னும் விடல" என்றார் டிரசர். "இங்க கெடந்து பொழச்சவங்க பல பேருக்கு இப்படித்தாம்மா. சிலர் தூங்கறதில்ல, சிலர் பேசறதில்ல. உங்க வீட்டுக்காரர் செத்துட்டேங்கறார். திட்டாதீங்க. தெளிய நாளாகும்."

எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. கங்காணியார் சொல்லிவிட்டார்: "திங்கக்கெழம காலையில பெரட்டுல பேர் கூப்புடறப்ப ஆள் நிக்கணும். நிக்கலன்னா வேற குடும்பம் இந்த வீட்டுக்கு வந்துரும்."

சபாபதி நிற்கிற நிலையில் இல்லை. செத்தவனுக்கு எதற்குச் சோறு என்று தட்டைத் தள்ளினான். அங்கம்மா யோசித்தாள். விளக்குக்கு முன்னால் இலை போட்டு, சோற்றை வைத்து, சூடம் காட்டிப் படையலாக்கினாள். செத்தவன் உட்கார்ந்து வழித்துத் தின்றான்.

மறுநாள் படையலுக்குக் கருவாட்டுக் குழம்பு கேட்டான். அதற்கடுத்து ஒரு சுருட்டு.*

* இங்கேதான் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மரம் சீவப் போக வேண்டாம், பெண்டாட்டி தினமும் சூடம் காட்டுகிறாள். இந்த மாதிரிச் சாவு கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? 'சபாபதி ஒரு பெரிய நடிகன்' என்று ஒரு பத்தியே எழுதினேன். அன்று மத்தியானம் ஓட்டை வழியாகப் பார்த்தால், யாருமில்லாத வீட்டில் அவன் பாதிச் சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கி, "நீ தின்னு, வேலு" என்றான். பார்க்க ஆளில்லாதபோது யாரும் நடிப்பதில்லை. என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பத்தியை அடித்துவிட்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை அங்கம்மா சூடத்தை எடுக்கவில்லை. இலையும் போடவில்லை.

"படையல் எங்க?" என்றான் சபாபதி.

"முடிஞ்சுது. இனி அடுத்த வருசம் தெவசத்துக்குத்தான். செத்தவங்களுக்குத் தினமுமா வைப்பாங்க?"

"அதுவரைக்கும் பசிக்குமே, புள்ள."

"செத்தவங்களுக்குப் பசிக்காதுங்க."

அவன் இலை கிடந்த இடத்தைக் கையால் தடவினான். பிறகு கேட்டான்: "வேலுக்கு?"

"அந்தாளுக்கு யாரு வச்சா? இந்த நாட்டுல அவருக்கு யாரு இருக்கா? ஊரே உங்க பேருல கருமாதி பண்ணித் தின்னுட்டுப் போயிருச்சு. அவரு பேரச் சொல்லி ஒரு உருண்ட சோறு வைக்க ஆளில்ல."

"நான் வைக்கிறேன்."

"நீங்க எப்படி வைப்பீங்க? செத்தவன் செத்தவனுக்குக் கருமாதி பண்ண முடியாதுங்க."

இதைச் சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். (இவ்வளவு புத்தியை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளே கொண்டுவந்தது.) சபாபதி எழுந்து, கத்தியில் கிடந்த காய்ந்த மாலையைத் தொட்டு,

5

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. காரணம் ஓட்டை. ஒரு கட்டை விரல் வந்தது. அதன் பின்னால், மரத்தில் உறைந்ததை உரித்தெடுத்த ஒட்டுப்பால் உருண்டை வந்து ஓட்டையை இறுக்கமாக அடைத்துவிட்டது. விரல் யாருடையது என்று பார்ப்பதற்குள் இருட்டு.

அதனால் என்னிடம் முடிவு இல்லை, சத்தம் மட்டும் இருக்கிறது. இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், திங்கட்கிழமை கங்காணியார் பேர் கூப்பிட, சபாபதி மொட்டைத் தலையோடு முன்வரிசையில் நிற்கிறான். இது பெண்களுக்குப் பிடிக்கும். இன்னொன்றில், வேலுவின் பேருக்கு அவன் கை தூக்குகிறான். இது எனக்கே பிடிக்கவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். டிரசர் சொன்னதைப் போல நாளாகும் என்றால் நாளாகும். என் அவசரத்துக்கு அவன் தலை தெளியாது.

ஞாயிறு மத்தியானம் பலகையில் காதை வைத்துக் கேட்டது இவ்வளவுதான். வாளித் தண்ணீர் தலையில் விழும் சத்தம். சூடத்தின் வாசனை. (கேட்டது என்றேன், மூக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) "வேலு" என்று ஓர் ஆண் குரல், உடைந்து. அப்புறம் இலை உதறும் சத்தம், அடுப்புப் பக்கத்தில், விளக்கிலிருந்து தள்ளி. அப்புறம் அங்கம்மா கேட்டாள்:

"உப்பு போதுமா?"

செத்தவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

அதற்கு அவன் ஏதோ சொன்னான். ஒட்டுப்பால் நல்ல சரக்கு, என் காதில் விழவில்லை. நீங்கள் வாருங்கள், இப்படி நகர்ந்து உட்காருகிறேன். உங்கள் காதை வைத்துக் கேட்டுச் சொல்லுங்கள்.